ஆறின் கீழ் ஆறு

மூன்றாவது முறையும் சொட்டு விழுந்தது. முதலில் குளிர்ச்சி, அப்புறம் சுருக்கென்று ஓர் எரிச்சல், அப்புறம் எந்தச் சந்து வழியாகவோ தொண்டைக்கு இறங்கி ஒரு கசப்பு. கண்ணில் விட்ட மருந்தை நாக்கு எப்படிக் கண்டுபிடித்தது என்று ஆவுடையப்பன் யோசித்து முடிப்பதற்குள், கூப்பிடுகிறவரை திறக்கக் கூடாது ஐயா, கண் பாப்பா நன்றாக விரியணும் என்று சொல்லிவிட்டு நர்ஸின் செருப்புச் சத்தம் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிட்டது. மூடிக்கொண்டார். மூடிக்கொள்வதில் என்ன கஷ்டம், பதினோரு நாளாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறார், ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து, மாற்றி மூடி மாற்றித் திறந்து, பல் தேய்க்கும்போது, பஸ்ஸில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், சாமி படத்துக்கு முன்னால். இந்த மனுஷனுக்கு ஐம்பத்தெட்டு வயதில் பக்தி வந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்காரி கோமதி ஒருநாள் கூடுதலாக ஒரு தோசை போட்டாள். தோசை இருந்தது, அதன் நடுவில் இருந்த ஓட்டைகள் இல்லை. தட்டின்மேல் அவருடைய இடது கை, இடது கைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர், எல்லாம் இருந்தன, பார்க்க நினைத்த இடம் மட்டும் இல்லை. இப்போது அந்த இடது கையில் ஒரு மஞ்சள் அட்டை இருக்கிறது. ஆஸ்பத்திரி கொடுத்தது. அதில் அவர் பெயர், பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் லேப் அட்டெண்டர் என்ற உத்தியோகம், புகார் என்ற இடத்தில் வலது கண்ணில் வண்டு அடித்தது என்ற பொய், அதற்குக் கீழே வலது கண் என்று போட்டு 6/6, முழுப் பார்வை, என்ற இன்னொரு பொய். முதல் பொய்யைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இரண்டாவதுதான் உள்ளங்கையில் வியர்க்கிறது.

ர ட ப க ய ம. திரும்பவும் வந்துவிட்டது. காலையில் கேட்ட சினிமாப் பாட்டு மாதிரி இது நாக்கில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. ர ட ப க ய ம. அவர் திட்டம் போட்டுச் செய்யவில்லை, எந்தச் சாமி மேல் வேண்டுமானாலும் சத்தியம் செய்வார், அவருடைய சத்தியத்துக்கு ஊரில் என்ன மதிப்பு என்பது வேறு விஷயம். எழுத்துப் படிக்கிற அறையில் மூன்று பேரை ஒரே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். முதலில் ஒரு அம்மா, அடுத்து விக்கிரமசிங்கபுரத்து மில்லில் ஓய்வுபெற்ற ஒருவர், அடுத்து இவர். அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி ராகம் போட்டுப் படித்தாள், கடைசி வரி, ர ட ப க ய ம. மில்காரர் தடுக்கித் தடுக்கிப் படித்தார். கடைசி வரியில், படிக்கச் சொல்லி அட்டையில் எழுதிக்கொள்கிற பெண்பிள்ளை திருத்திக் கொடுத்தது, அது ப இல்லைங்க ட, ர ட ப. இவர் முறை வந்தது. கறுப்புக் கரண்டியால் இடது கண்ணை மறைத்துக்கொண்டார். எதிர்ச் சுவரில் வெளிச்சப் பெட்டி. பெட்டியின் உச்சியில் எருமைக் கன்று அளவுக்கு ஒற்றை எழுத்து இருக்கும், உலகத்துக்கே தெரியும். அது இல்லை. அழித்த மாதிரிகூட இல்லை, எழுதவே இல்லாத வெள்ளை. எந்த வரி வரைக்கும் தெரியுதோ அதைப் படிங்க ஐயா என்று அந்தப் பெண் சொன்னதும் வாய் திறந்து ர ட ப க ய ம என்றது. ஒரு தடுமாற்றம் கிடையாது. அவரே தன் வாயைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்த வயசுல இவ்வளவு தெளிவா என்று மெச்சிக்கொண்டு அந்தப் பெண் எழுதியது. ஆறின் கீழ் ஆறு. பேனா அட்டையில் கீறிய சத்தம் கேட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். தங்கச்சி, ஒரு நிமிஷம், அழி என்று. சொல்லவில்லை. சொன்னால் என்ன எழுதுவார்கள். ஆறின் கீழ் என்ன. ஆறின் கீழ் ஒன்றுமில்லை என்று எழுத அந்த அட்டையில் இடம் இருக்கிறதா.

பொய் அவருக்குப் புதிதா. லேபில் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் அவர் கதை கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். வெளிச்சத்தைப் பிரித்து அளக்கிற ஸ்பெக்ட்ராமீட்டரின் டெலஸ்கோப்பை ஒருநாள் மத்தியானம் ஜன்னல் பக்கம் திருப்பியபோது திருச்செந்தூர்க் கடலில் ஒரு வள்ளம் தெரிந்ததாகவும், அதில் ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகவும், புளிக்குழம்பு, உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு என்று அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டதாகவும் சொல்வார். ஐம்பது கிலோமீட்டரா அண்ணாச்சி என்று எவனாவது கேட்டால், அன்னைக்கு மழை பெஞ்சு காத்து சுத்தமா இருந்துச்சுல்லா என்பார். அதெல்லாம் கதை. ஆனால் ரீடிங் வேறு. வட்டத் தட்டில் சின்னக் கோடுகள் இருக்கும், அதன் விளிம்பில் அதைவிடச் சின்னக் கோடுகளாக வெர்னியர் இருக்கும், மேல்கோடும் கீழ்க்கோடும் எந்த இடத்தில் மயிரிழை பிசகாமல் ஒரே கோடாக நிற்கிறதோ அந்த எண்தான் ரீடிங். பிள்ளைகள் லென்ஸ் வைத்து ஐந்து நிமிஷம் முழிப்பார்கள். ஆவுடையப்பன் இடது கண்ணை இடுக்கி வலது கண்ணால் ஒரு பார்வை. பதினேழு. அவ்வளவுதான். பதினேழு என்றால் பதினேழு. இடது கண் தெருவைப் பார்க்க, வலது கண் கோட்டைப் பார்க்க என்று அவரே பிரித்து வைத்திருந்தார், முப்பத்தொரு வருஷமாக இடது கண்ணுக்கு இந்த வேலை தெரியாது. கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக் குழு வந்த வருஷம் ஒரு பேராசிரியர் தனியாகக் கூப்பிட்டு, பழைய நோட்டில் நாலு ரீடிங்கை மட்டும் கொஞ்சம் சரிக்கட்டித் தர முடியுமா என்று கேட்டார். சார், கதை வேணும்னா நாப்பது எழுதித் தாரேன், ரீடிங்ல பொய் வராது என்று சொல்லிவிட்டார் இவர். தப்பாக எழுதிவிட்டால்கூட ரப்பர் போட விடமாட்டார். குறுக்கே ஒரே ஒரு கோடு, மேலே சரியானது, பக்கத்தில் சுருக்கொப்பம். தப்பு தெரியணும்லே, ஒளிச்சா அது திருட்டு, என்பார். அப்படிச் சொன்ன வாய்தான் இன்றைக்கு ர ட ப க ய ம.

"என்ன, வாய் முணுமுணுங்குது. சுலோகமா" என்றாள் கோமதி பக்கத்து நாற்காலியிலிருந்து. ஆமா என்றார். அவள் வயர்கூடையை மடியில் மாற்றி வைத்துக்கொள்கிற சத்தம். நல்லாச் சொல்லுங்க, எனக்கும் சேத்து, என்றாள். அவள் குரல் இருந்தது. குரலில் ஓட்டை விழவில்லை. அதை நினைத்ததும் அந்த மூக்குத்தி வந்து நின்றது, வராதே என்று சொன்னால் நிற்கவா போகிறது. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, காலை, அவள் எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இடது கண்ணை மூடி அவளைப் பார்த்தார். ஏழு கல் மூக்குத்தி, கல்யாணத்துக்கு அவர் போட்டது, எங்கே போனாலும் முதலில் அதுதான் மின்னிக்கொண்டு வரும். இல்லை. மூக்குத்தி இல்லை என்பதல்ல பயம். மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு கறுப்பு இருந்தால், ஒரு பொத்தல் இருந்தால், சரி, கண் கெட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அங்கே மூக்கு இருந்தது. வழவழவென்று, மாநிறமாக, குத்தின அடையாளமே இல்லாத ஒரு மூக்கு, கன்னத்தோடு சேர்த்துப் பூசின மாதிரி. யாரோ ஒரு பொம்பளை அவர் வீட்டு நடுக்கூடத்தில் கீரை உருவுகிறாள். கொஞ்சம் பார்வையைத் தள்ளி அவள் காதுப் பக்கம் வைத்தால் மூக்குத்தி ஓரத்தில் பளிச்சென்று வந்துவிடும், ஆனால் இப்போது காதைக் காணோம். பொய் என்றால் கேட்கிறவனுக்கு எங்கேயோ ஒரு மூலையில் சந்தேகம் வரவேண்டும், அதுதான் பொய்யின் மரியாதை. வள்ளத்தில் புளிக்குழம்பு என்று சொன்னால் கேட்கிறவன் சிரிக்க வேண்டும். இந்தக் கண் சொல்கிற பொய்யில் ஒரு சிரிப்புக்கும் வழியில்லை, தையல் தெரியாமல் ஒட்டுப்போட்டு நீட்டுகிறது, உள்ளே உட்கார்ந்து எவனோ அவரைவிடப் பெரிய புளுகன் கதை அளந்துகொண்டிருக்கிறான். அன்றைக்கு அடுப்படிக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவைத் திறந்தார். சர்க்கரை வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. இடது கண்ணைத் திறந்தார். நாலு எறும்பு.

எல்லாம் அந்த வியாழக்கிழமை. சோடியம் விளக்கு என்று ஒன்று உண்டு, மஞ்சளாக எரியும், அதன் வெளிச்சத்தை ஸ்பெக்ட்ராமீட்டருக்குள் விட்டு டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்தால் கோடுகள் தெரியும், அதை அளப்பதுதான் பிள்ளைகளுக்குப் பரீட்சை. மறுநாள் பரீட்சை. நாலு மணிக்கு அந்த விளக்கு பட்டென்று போய்விட்டது. பரீட்சையைக் கவனிக்கிற ராஜபுஷ்பம் மேடம் வந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை அண்ணாச்சி, புதுசா வாங்கின பச்சை லேசரை வச்சிருங்க, டெலஸ்கோப்பே வேண்டாம், புள்ளி சுவர்ல விழும், ஸ்கேல் வச்சு அளந்துக்கலாம், என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போனார்கள். டெலஸ்கோப்பே வேண்டாம். காதில் விழுந்தது, மண்டையிலும் ஏறியது. உடம்புக்குத்தான் யாரும் சொல்லவில்லை. லேசரைக் கட்டினார். சுவரில் பச்சைப் புள்ளிகள் வரிசையாக விழுந்தன, பார்க்க அழகாகத்தான் இருந்தது. நடுப்புள்ளி நடுவில்தான் இருக்கிறதா என்று ஒரு சந்தேகம். சந்தேகம் வந்தால் முப்பத்தொரு வருஷமாக என்ன செய்வாரோ அதைச் செய்தார். வலது கை டெலஸ்கோப்பை நேராகக் கொண்டுவந்தது, இடது கண் தானாக இடுங்கியது, இடுப்பு வளைந்தது, வலது கண் குழாயில் போய் உட்கார்ந்தது. வெளிச்சம் என்றால் குனிந்து கண்ணை வை. இருட்டறையில் பிழைக்கிறவன் உடம்புக்கு வேறென்ன தெரியும். கோயிலில் மணி அடித்தால் கை கூடுகிற மாதிரி. ஒரு இமைப்புகூட இல்லை, இமைக்கிறதற்குள் முடிந்துவிட்டது. வலிக்கவில்லை. அதுதான் இன்றுவரைக்கும் புரியவில்லை, ஒரு கொசு கடித்தால் வலிக்கிறது, இது வலிக்கவில்லை. பச்சை. எல்லாம் பச்சை, உலகமே கிளிக்கூட்டம் மாதிரி. தலையை இழுத்துக்கொண்டார். பிறகு பச்சை போய் இளஞ்சிவப்பாக ஒரு காசு, எங்கே பார்த்தாலும் முன்னால் வந்து நின்றது, சுவரில், கையில், கடிகாரத்தில். துண்டால் துடைத்தார். துடைத்தால் போகிற காசா. தனியாக நின்று சிரித்தார், ஏன் சிரித்தார் என்று தெரியவில்லை. லேசரை அணைத்துவிட்டு வெளியே வந்தார். இருட்டறைக் கதவில் எனாமல் பெயிண்டில் எழுதின பலகை. லேசர் ஒளியைக் கண்ணால் நேராகப் பார்க்காதீர். மீறினால் பொறுப்பு உங்களுடையது. அவர் கையெழுத்து. உங்களுடையது என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போய் மேலே இடுக்கி எழுதியது, போன வருஷம், பிள்ளைகளெல்லாம் சுற்றி நின்று கேலி செய்துகொண்டிருக்கும்போது. அந்தப் பலகையில் பொறுப்பு என்ற சொல்லை வலது கண்ணால் பார்த்தார். பலகை இருந்தது.

அதனால்தான் வண்டு. வேறு எப்படிச் சொல்வது. லேசரை எட்டிப் பார்த்தேன் என்று எவனிடம் சொல்வது, வருஷா வருஷம் முதல் நாள் வகுப்பில் நின்று, லேய், கண்ணு ரெண்டுதான், மூணாவது கேட்டா எவனும் தரமாட்டான் என்று பிரசங்கம் செய்தவன். மொபெட்டில் வரும்போது கண்ணில் வண்டு அடித்துவிட்டது என்று வீட்டில் சொன்னார். கோமதி பதறினதும் கதைக்கு ருசி வந்துவிட்டது, வண்டு கொஞ்சம் பெரிதானது. எதிர்வீட்டில் சொல்லும்போது வண்டு ஹெல்மெட் கண்ணாடியைப் பிளந்துகொண்டு வந்தது. லேபில் சொல்லும்போது வண்டு வந்த வேகத்தில் வண்டி அரை அடி பின்னால் போனது. எல்லோரும் சிரித்தார்கள், அண்ணாச்சிக்கு ஒன்றுமில்லை என்று முடிவு செய்தார்கள். மறுநாள் பரீட்சையில் வேறொரு கருவியில் வெர்னியர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணாச்சி, இந்தக் கோடு கூடுதா பாருங்க என்று கூப்பிட்டாள். குனிந்தார். கோடுகள் இருந்தன. நடுவில் எல்லாக் கோடும் எல்லாக் கோட்டோடும் கூடியது. பதினாறும் கூடியது, பதினேழும் கூடியது, நெளிந்து நெளிந்து ஒன்றின்மேல் ஒன்று வந்து நின்று, எது கேட்டாலும் ஆமாம் என்றது. அவர் நிமிர்ந்து, பரீட்சையில நான் பாக்கக் கூடாதும்மா என்றார். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. அந்தப் பெண் விநோதமாகப் பார்த்தாள், அப்படித்தான் இருக்கும், அவள் முகத்தில் பார்வை எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

எரிச்சல் குறைந்துவிட்டது. மூடின இமைக்குள் செம்மண் தண்ணீர் மாதிரி ஒரு வெளிச்சம், நடுவில் சாம்பலாக அது. இருக்கிறதா, இருப்பதாக நினைக்கிறாரா. சொட்டு மருந்து அதைப் பெரிதாக்கிவிடுமோ, பாப்பா விரிந்தால் அதுவும் விரியுமா. இடது கண்ணுக்கும் போகுமா. ஒரு கண்ணில் ஏறினது மறு கண்ணுக்குத் தாவும் என்று எவனோ ஒருவன் டீக்கடையில் சொன்னான், அவனும் இவரைப் போல ஒரு புளுகனாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தாவினால் பலகையில்லை, கடிகாரத்தில் முள்ளில்லை, பஸ்ஸில் நம்பரில்லை, கோமதிக்கு மூக்கிருக்கும், அவ்வளவுதான். எதிரே ஒரு கதவு திறந்து சாத்திய சத்தம் கேட்டது. உட்காரும்போதே அந்தக் கதவைப் பார்த்துவிட்டார், லேசர் சிகிச்சை அறை என்று நீலப் பலகை. உட்கார வேறு நாற்காலி இல்லை. யாரோ வந்து வலப்பக்கம் தொப்பென்று உட்கார்ந்தார்கள். மில்காரர். சர்க்கரைக்கு லேசர் வச்சாச்சு அண்ணாச்சி என்றார் அவர், இது மூன்றாவது தடவை, பச்சையா மின்னுது பாத்துக்கிடுங்க, தீவாளி கணக்கா, பட்டு பட்டுன்னு சுடுதாக. பச்சையா என்று கேட்டார் ஆவுடையப்பன். நல்ல பச்சை. கண்ணை வைத்துக்கொண்டே இருக்க வேண்டுமா. ஆமா, ஒரு குழாயில கண்ண வச்சு ஆடாம இருக்கணும். உமக்கும் அதானா. எனக்கு வண்டு என்றார் ஆவுடையப்பன். வண்டா, என்று கேட்டுவிட்டு மில்காரர் ஒரு கதைக்காகக் காத்திருந்தார். கதை வரவில்லை. ஹெல்மெட்டும் அரை அடியும் எங்கோ போய்விட்டன. எழுந்து போய்விட்டால் என்ன. அட்டையில் ஆறின் கீழ் ஆறு இருக்கிறது. ஆஸ்பத்திரியே எழுதிக் கொடுத்திருக்கிறது. ஓய்வுக்கு இருக்கிற ஒன்றரை வருஷத்தை இடது கண்ணால் ஓட்டிவிடலாம், பரீட்சையில் பார்க்கக் கூடாது என்று சொல்லியே ஓட்டிவிடலாம். ர ட ப க ய ம. டாக்டர் அட்டையை நம்பினால் தப்பித்தேன். டாக்டர் அட்டையை நம்பினால் போச்சு. இரண்டும் ஒரே வாக்கியமாகச் சுற்றி வந்துகொண்டிருக்கும்போது பெயரைக் கூப்பிட்டார்கள்.

கோமதி முழங்கையைப் பிடித்து அழைத்துப்போனாள். கண்ணைத் திறந்தால் எல்லா விளக்கும் தலைவிரித்துக்கொண்டு நின்றன. டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, தடுமம் பிடித்து மூக்கடைத்த குரல். அட்டையைப் பார்த்தாள். "வண்டு அடிச்சு எத்தனை நாள் ஆச்சு? பதினொண்ணா. பார்வை ஆறின் கீழ் ஆறு இருக்கே, ரொம்ப நல்லது. உள்ள ஒரு தடவை பாத்துட்டு அனுப்பிடறேன். தாடையை இதுல வைங்க." அது ஒரு மேஜை. மேஜையில் ஒரு தாங்கி, தாங்கிக்கு எதிரே ஒரு குழாய், குழாயின் வாயில் கீற்றாக ஒரு வெளிச்சம். இடுப்பு வளைந்தது. முப்பத்தொரு வருஷப் பழக்கம், வெளிச்சம் என்றால் குனியும். தாடை தாங்கியைத் தொட ஒரு விரல் கடை இருக்கும்போது கழுத்து நின்றுவிட்டது. அவர் நிறுத்தவில்லை. போ என்று சொன்னார், போகவில்லை. இன்னும் முன்னால வாங்க ஐயா. வந்தார், வந்ததாகத்தான் நினைத்தார், பார்த்தால் நாற்காலியின் முதுகு அவர் முதுகில் இடித்தது. வேட்டி தொடையில் ஒட்டியிருந்தது. கோமதி பின்னாலிருந்து தலையை லேசாகத் தள்ளினாள், மாட்டைத் தள்ளுகிற மாதிரிதான். இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கீற்று பச்சை இல்லை, வெள்ளை, சாதாரண வெள்ளை, அது தெரிந்தது. தெரிந்து என்ன. டாக்டரம்மா வெளிச்சத்தைத் தணித்தாள். தள்ளி இருந்தே கண்ணின் மேல்பரப்பைப் பார்த்தாள். "இவ்வளவு பயம்னா இன்னைக்கு வேண்டாம். மேல கீறல் எதுவும் இல்ல, பார்வையும் நல்லாத்தான் இருக்கு. ஒரு சொட்டு மருந்து எழுதறேன், அடுத்த மாசம் வாங்க."

கோமதி வயர்கூடையை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான், முடிந்தது. கதவு வலப்பக்கம் இருக்கிறது. பேனா எழுத ஆரம்பிக்கிற சத்தம் கேட்டது, அட்டையில் கீறுகிற அதே சத்தம்.

"அந்த ரீடிங் தப்பு" என்றார்.

என்ன சொன்னீங்க என்றாள் டாக்டரம்மா. அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது, பரீட்சையில் மாட்டிக்கொண்ட பையன் குரல். "ஆறின் கீழ் ஆறு இல்லம்மா. முன்னால படிச்சவங்க சொன்னதக் கேட்டுச் சொன்னேன். பெரிய எழுத்தே எனக்குத் தெரியல."

"அப்ப வண்டு?"

"வண்டு இல்ல. லேசர். காலேஜ்ல, பச்சை லேசர். நான்தான் கண்ண வச்சேன்."

கூடை தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. பிறகு கோமதி மெதுவாக, "எதிர்வீட்டுல ஹெல்மெட்டு கண்ணாடி உடைஞ்சதுன்னு சொன்னீகளே" என்றாள். "என்கிட்ட ஹெல்மெட்டே கெடையாதுல்லா" என்றார். அவள் சிரிக்கவில்லை. அவர் தோளில் அவள் கை வந்து கனமாக இருந்தது, அடிக்கிற கையா அணைக்கிற கையா என்று தெரியவில்லை. டாக்டரம்மா திட்டவில்லை, எத்தனை நொடி, எவ்வளவு தூரம், டெலஸ்கோப் வழியாகவா என்று மூன்று கேள்வி கேட்டாள். மூன்றாவதற்கு ஆமாம் என்றதும் மேஜை டிராயரிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட அட்டை, நடுவில் ஒரு புள்ளி. படிக்கிற கண்ணாடியைப் போட்டு, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, புள்ளியைப் பாருங்க என்றாள். புள்ளி இல்லை. நாலு மூலையும் சமமாத் தெரியற மாதிரி நடுவுல பாருங்க என்றாள். இது அவருக்குத் தெரிந்த வேலை. கட்டம் போட்ட கோட்டில் பொய் சொல்ல அவருக்கு வராது. அட்டையைச் சரியான தூரத்தில் பிடித்து, நாலு மூலையையும் நாலு ஆணி அடித்த மாதிரி நிறுத்திக்கொண்டார். கை ஆடவில்லை. "நடுவுல கட்டம் இருக்கு, ஆனா அது அச்சடிச்ச கட்டம் இல்ல, என் கண்ணே போட்டுக்கிட்டது. ஓரம் எங்கன்னு சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. மேல ஒண்ணரக் கட்டம். கீழ ரெண்டு. வலப்பக்கம் ஒண்ணே முக்கால். இடப்பக்கம் ஒண்ணு, ஒண்ணுக்குக் கொஞ்சம் கம்மி. அதுக்கு வெளிய ஒரு சுத்துக் கோடு உள்பக்கமா வளைஞ்சிருக்கு, மேல்பக்கம் ஜாஸ்தி." எழுதிக்கொண்டே டாக்டரம்மா, இவ்வளவு சரியா யாரும் எனக்குச் சொன்னதில்ல என்றாள். இது கூடுமா என்று கேட்டார். கோடு கூடுவதைக் கேட்கிற மாதிரித்தான் வாயில் வந்தது.

இதற்கு லேசர் வைப்பதில்லை என்றாள் அவள் முதலில். இப்போதே ஸ்கேன் எடுக்க வேண்டும். ஓரத்தில் இருக்கிற வீக்கம் மூன்று மாதத்தில் வற்றினால் வட்டம் கொஞ்சம் சுருங்கலாம். பதினோரு நாள் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்து அதை முடிக்காமல் விட்டாள். "நடுவுல இருந்தது திரும்பி வரும்னு நான் சொல்லமாட்டேன், ஐயா. இடது கண்ணுக்கு ஒண்ணுமில்ல. அதை வச்சுக் கோடு பாக்கப் பழகணும்." மஞ்சள் அட்டையில் அந்த எண்ணைத் திருத்தப் பேனாவைக் கொண்டுபோனாள். நான் அடிக்கேன் என்று ஆவுடையப்பன் கையை நீட்டினார். அவள் யோசித்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தாள். அட்டையை மேஜையில் வைத்துக் குனிந்தார். இடது கண் தானாக இடுங்கிக்கொண்டது. தடுத்திருக்கலாம், தோன்றவில்லை. வலது கண்ணுக்கு அட்டை சுத்தமாக இருந்தது. ஆறும் இல்லை, கீழே ஆறும் இல்லை, மஞ்சளாக, மொழுக்கென்று, யாரும் எந்தப் பொய்யும் எழுதாத அட்டை. அந்தச் சுத்தத்தின் நடுவில் ஒரே ஒரு கோடு இழுத்தார். இழுத்த கோட்டையும் காணோம்.

"அதுமேல விழுந்திருக்கா?" என்று கேட்டார்.

கோமதி குனிந்து பார்த்தாள். அவள் எண்ணெய் வாசனை பக்கத்தில் வந்தது.

"விழுந்திருக்கு. ஒரு நூல் கீழ."

பக்கத்தில் சுருக்கொப்பம் போடணும் என்றார். அவள் அவர் விரல்களைப் பிடித்து, பேனா முனையை நகர்த்திக் கொண்டுபோய் ஓர் இடத்தில் வைத்தாள். அந்த இடத்திலும் ஒன்றும் இல்லை. அங்கேதான் போட்டார்.